மேலப் பெத்லகேமுக்குப் போன ரேடியோக் குழாய்

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க. வாய மட்டும் நிறுத்துனாப் போதும், கத்தி ஓடிக்கிட்டே இருக்கணும். நாளைக்குக் கோயில் அசன விருந்துக்கு எண்ணூறு எல விழும், இன்னும் கத்திரிக்கா மூட்டையக் கூட அவுக்கல. ஏட்டி ஜெயராணி, ஒன்னையத்தான். ஒன் மருமவ கதைய அப்புறம் வச்சுக்க. டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டாவ, பதில் சொல்லாண்டாமா?

டீச்சர், நீங்க நம்ம மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதுசு, அதான் கேட்டுட்டிய. "அண்ணாச்சி, நீங்க அமெரிக்கால ஊழியம் பண்ணுனியளாமே"ன்னு. இவளுவ யாரும் கேக்க மாட்டாளுவ. கேட்டா நான் நிறுத்த மாட்டேன்னு பயம். அமெரிக்கா இல்ல டீச்சர், தென் அமெரிக்கா. பெருன்னு ஒரு நாடு. லிமான்னு ஒரு டவுன். ஒம்பது மாசம். ஒம்பது மாசம் தொண்ட கிழிய ஊழியம் பண்ணிட்டு வந்து இங்க கத்திரிக்காக் காம்பு கிள்ளுதேன். நியாயமா? கடைசில நீங்களே சொல்லுங்க.

நான் யாருன்னு மொதல்ல சொல்லிருதேன். மைக் செட் ஆசீர். எட்டாங்கிளாஸ், அதும் ரெண்டு தடவ. தொழில் ரேடியோ கட்டுதது. கல்யாண வீடு, சடங்கு வீடு, கன்வென்சன், துட்டி வீடு, எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான் பாடும். அதுபோக மே மாசம் லீவுல நடக்குத வேதாகமப் பள்ளி, வி.பி.எஸ்.ல, பிள்ளைளுக்கு நோவா பேழை நாடகம் போடுவேன். பேழைக்குள்ள போற அத்தன மிருகத்துக்கும் நான்தான் சத்தம். ஆன, கழுத, சிங்கம், கொசு. கொசுவையும் நோவா ஏத்துனாருல்லா?

நாலு வருசத்துக்கு முந்தி நம்ம கன்வென்சனுக்கு பெருல இருந்து ஒரு போதகர் வந்தாரு. பாஸ்டர் எவாரிஸ்தோ. அங்க வாரத்துல ஆறு நாளு டாக்சி ஓட்டுவாரு, ஏழாவது நாளு போதகர். நம்ம ஆளுக மூணு நாளு பிரசங்கம் பண்ணுனாவ, மனுசன் மொழி புரியாம கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குனாரு. நாலாவது நாளு பிள்ளைள் கூட்டத்துல நான் கழுதயப் பேழைக்குள்ள ஏத்துதேன், அது ஏற மாட்டேங்குது, நோவா தள்ளுதாரு, அது ஒதைக்குது. எவாரிஸ்தோ சேரோட சாஞ்சிட்டாரு! சிரிச்சுச் சிரிச்சு. எந்திச்சு நேரா நம்ம ஊழிய சங்கச் செயலாளர் வேதமுத்து ஐயாகிட்டப் போயி, இந்த மனுசன எங்க மலைக்கு அனுப்புங்கன்னுட்டாரு.

வேதமுத்து ஐயாவ நீங்க பாத்திருக்க மாட்டிய. எழுவது வயசு. மூக்காலதான் பேசுவாவ. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நீங்க ஒரு டீ குடிச்சிரலாம். என்னையக் கூப்புட்டுச் சொல்லுதாவ: "ஆசீரு... கர்த்தர்... உம்மைக்... கழுதைச் சத்தத்துக்காகத்... தெரிந்தெடுத்திருக்கிறார்." சிரிக்காதிய. அப்ப எனக்குக் கண்ணீரே வந்துட்டு.

நானும் என் வீட்டுக்காரியும். பொங்கிப்போட ஆளு வேணும்லா? அந்தா, தூணுக்கிட்ட வெங்காயம் உரிச்சிட்டு இருக்காள்லா, அவதான். கிருபாவதி. பேச மாட்டா. கல்யாணமாகி இருபத்தாறு வருசம், அவ பேசுனது பூராத்தையும் சேத்தாலும் ஒரு கேசட்ல ஒரு பக்கம் ரொம்பாது. என் பக்கந்தான் மறுபக்கத்துக்கும் சேத்து ஓடும்.

குழாயையும் கொண்டு போனேன். ஏர்ப்போர்ட்ல அந்தக் காக்கிச்சட்டக்காரன் அதப் பீரங்கியப் பாக்குத மாதிரி சுத்திச் சுத்தி வந்தான். நான் வாய வச்சு "ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு ரெண்டு மூணு"ன்னேன். ஏர்ப்போர்ட்டே திரும்பிப் பாத்துட்டு. விட்டுட்டான்.

நாங்க போன எடத்துக்குப் பேரு ஆல்தோ பெலென். பெலென்னா பெத்லகேமாம். மேலப் பெத்லகேம். ஆடு இருக்கும், மேய்ப்பன் இருப்பான்னு நெனச்சேன். போய்ப் பாத்தா மொட்ட மல. நம்ம தேரிக்காட்டு மணல் மாதிரி மண்ணு, ஆனா செங்குத்தா நிக்கி. அதுல பலகையும் தகரமுமா வீடுக, ஒண்ணு தலைல ஒண்ணு ஏறி உக்காந்த மாதிரி. மழ கெடையாது. ஆனா பாதி வருசம் ஒரு தூவானம் விழும் பாருங்க, நனையவும் செய்யாது, காயவும் விடாது. மண்ணெல்லாம் வழுக்கும். தண்ணி லாரி அடிவாரத்தோட நின்னுரும். அங்கருந்து பொம்பளைக வாளி வாளியாத் தூக்கிட்டு அந்தச் சகதில ஏறணும். போன வருசம் ஒரு புள்ளத்தாச்சி விழுந்துட்டான்னு சொன்னாவ. அதுக்காவ மலைக்குப் படி கட்டுதாவ. அவியளே கட்டுதாவ. வீட்டுக்கு ஒரு ஆளு வந்து கல்லு செமக்கணும். அதுக்கு ஃபாயேனான்னு பேரு.

படி கட்டட்டும், யாரு வேண்டாமுன்னா? என்னைக்குக் கட்டுதாவ? ஞாயித்துக்கிழம! காலைல! ஆராதன நேரத்துல! மத்த நாளு எல்லாரும் டவுனுக்கு வேலைக்குப் போயிருதாவளாம், ஞாயித்துக்கிழமதான் ஆளு இருக்குமாம். எங்க அப்பா காலத்துல ஞாயித்துக்கிழம எங்க வீட்டுல அடுப்புப் பத்த வைக்க மாட்டாவ டீச்சர். சனிக்கிழமயே பொங்கி வச்சிருவாவ. அந்த வீட்டுல பொறந்தவன் நான். எனக்கு எப்புடி இருக்கும்?

என்ன ஜெயராணி? நாளைக்கு ஞாயித்துக்கிழமதான, அசனத்துக்கு இருபது அடுப்பு யாரு பத்த வைக்கப்போறாங்கியா? அது வேற. அது ஆலயக் காரியம். நீ காம்பக் கிள்ளு.

எங்க ஹாலு மலைக்கு அடில. எவாரிஸ்தோ பலகையடிச்சுக் கட்டுனது. முப்பது பிளாஸ்டிக் சேரு. படி வேல நடக்குதது மலைக்கு அந்தப் பக்கம், வளைவு தாண்டி. நான் என்ன பண்ணுனேன்? நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? மொத ஞாயித்துக்கெழம, காலைல ஆறு மணிக்கு, குழாயக் கம்பத்துல கட்டி, நம்ம கீர்த்தனையப் போட்டேன். முழுச் சவுண்டு. மலை பூரா நாயி. கூரைக்குக் கூர நாயி நின்னு ஊளையிடுது. ஆனா டீச்சர், ஒவ்வொரு கதவாத் தொறக்கு! தூக்கக் கலக்கத்துல, சட்டைய மாட்டிக்கிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு, ஆம்பள பொம்பள எல்லாரும் வெளிய வாராவ! மொத நாளே ஒரு மலையே மனந்திரும்புதுன்னு நெனச்சேன். சேரெல்லாம் தொடச்சு வச்சேன்.

வந்தாவ. ஹாலுக்கிட்ட வந்தாவ. கையக் காட்டுனாவ. "புவனோஸ் தியாஸ், எர்மானோ"ன்னாவ. காலை வணக்கம், சகோதரரேன்னு அர்த்தம். சொல்லிட்டு, கடப்பாரையத் தோள்ல போட்டுக்கிட்டு, வளைவு திரும்பிப் போயிட்டாவ. பூராப் பேரும்.

சரி, மொத வாரம். அடுத்த வாரம் சவுண்டக் கூட்டுனேன். இன்னும் ஆளு கூடவே வெளிய வந்தாவ. இன்னும் வேகமாப் போனாவ. மூணாவது வாரம் அஞ்சே முக்காலுக்கே போட்டேன். அஞ்சே முக்காலுக்கே போயிட்டாவ! நான் கூட்டக் கூட்ட அவிய ஓடுதாவ. பாட்ட மாத்துனேன். மணிச் சத்தம் போட்டேன். சிங்கம் மாதிரிக் கர்ஜிச்சுக்கூடப் பாத்தேன். கைதட்டிட்டுப் போறாவ டீச்சர், நிக்க மாட்டேங்காவ!

அந்தப் படி வேலைக்குத் தலைவி ஒருத்தி, எர்மலிந்தா. நம்ம ஜெயராணி மாதிரி உருவம், ஆனா அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் கம்மி. அந்த அம்மா ஒரு நாளு அவிச்ச உருளக்கெழங்கு ஒரு தட்டு நெறையக் கொண்டாந்து, என் கையப் புடிச்சு, உங்க பாட்டுக்கு ரொம்ப நன்றின்னு எவாரிஸ்தோ மூலமாச் சொல்லிச்சு. கேட்டியளா? பாட்டுக்கு நன்றி. ஆனா வர மாட்டாளாம்.

நான் எடத்த விட்டு அசையல. முப்பது சேருக்கும் பிரசங்கம் பண்ணுனேன். மைக்கு இருக்குல்லா, மலைக்கே கேக்கும். நான் தமிழும் அரகொற இங்கிலீசுமா முழங்க, எவாரிஸ்தோ கண்ண மூடிக்கிட்டு அவிய மொழில சொல்லுவாரு. ஆறு நாளு டாக்சி ஓட்டுன கண்ணு. நடுவுல குறட்டையும் மைக்குல போவும்.

இந்தக் கிருபாவ நான் என்ன செய்வேன்னு நெனைக்கிய? மொதப் பாட்டு முடிஞ்ச ஒடனே, "போ கிருபா, போயி ஆளக் கூட்டிட்டு வா"ன்னு அனுப்பிருவேன். போவா. எப்ப வருவா? பன்னெண்டு மணிக்கு வருவா. தனியா வருவா. தலையெல்லாம் மண்ணு, கையெல்லாம் செராய்ப்பு. வழுக்கி விழுந்திருப்பா போலன்னு நெனச்சேன். "ஒரு ஆள, ஒரே ஒரு ஆள ஒன்னால கூட்டிட்டு வர முடியலியே"ன்னு கேப்பேன். கையக் கழுவிட்டுச் சோத்தப் போட்டுட்டுப் போயிருவா. ஒவ்வொரு வாரமும் இதே. ஒம்பது மாசம்! நான் கத்த, அவ போவ, தனியா வர.

ஆனா ஒண்ணு. மரியாதன்னா மரியாத. அந்த எர்மலிந்தா ஒரு நோட்டு வச்சிருக்கும். எந்த வீட்டுல இருந்து கல்லு செமக்க ஆளு வரலியோ, அந்த வீட்டு ட்ரம்முக்கு அந்த வாரம் லாரில தண்ணி கடைசிலதான். இல்லைன்னா இல்லதான். அப்புடிக் கண்டிசன். எங்க வீட்டுக்கு ஒரு வாரம்கூட அப்புடி ஆனது கெடையாது. நான் ஒரு நாளும் போனது கெடையாது! ஊழியக்காரன் வீடுன்னு அந்த அம்மாவுக்கு ஒரு பயபக்தி.

ஏன் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கிய? நான் முடிக்கல.

வேதமுத்து ஐயா மாசாமாசம் போன்ல கேப்பாவ: "ஆசீரு... ஜனங்கள்... வருகிறார்களா?" நான் பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். "வாராவ ஐயா, காலைல ஆறு மணிக்கே சாரைசாரையா வாராவ"ன்னேன். வந்தாவள்லா? ஹாலுக்கு உள்ளன்னு நான் சொன்னேனா? ஒம்பதாவது மாசம் ஐயா சொல்லுதாவ, நானே வாரேன், அந்தச் சனத்தப் பாக்கணும், பத்துப் பேருக்கு ஞானஸ்நானம் குடுக்க ஆயத்தமா வைய்யும், ஊழியத்தத் தொடருததா மூடுததான்னு அன்னைக்கு முடிவு பண்ணணும்ன்னு. ஹாலு காலியாக் கெடந்தா ஊழியத்த மூடிருவாவ. மறுபடி ஊருக்கு வந்து சடங்கு வீட்டுல ரேடியோ கட்டணும். வெளிநாட்டு ஊழியக்காரர் மைக் செட் ஆசீர்னு நோட்டீஸ் அடிச்சாச்சு டீச்சர் ஊர்ல!

வந்துட்டாவ. பெருவுக்கு வேட்டி கெட்டி வந்த மொதல் மனுசன் அவியதான் இருப்பாவ. மேல ஸ்வெட்டரு, கழுத்துல மப்ளரு, கீழ வேட்டி. ஞாயித்துக்கெழம காலைல நான் நாலு தடவ குழாயப் போட்டேன். முப்பது சேரு. நடுச்சேர்ல ஐயா. கிருபாவ அனுப்பி ஒரு மணிக்கூராச்சு. ஒரு ஈ காக்கா வரல. நான் என்ன செய்ய? ஐயா ஒருத்தருக்கு நோவா பேழை போட்டேன். ஆனைய ஏத்துனேன். கழுதைய ஏத்துனேன். ஐயா சிரிக்கல. கழுத ஏறி முடிச்சதும், "ஆசீரு... மிருகங்கள்... வந்துவிட்டன. மனுஷர்... எங்கே?"ன்னாவ.

ஏறுனோம். எவாரிஸ்தோ ஒரு கையப் புடிக்க, நான் ஒரு கையப் புடிக்க, ஐயாவ வளைவு வரைக்கும் ஏத்துனோம். பாத்தா, அடில இருந்து உச்சி வரைக்கும் மலையே வரிசைல நிக்கி. ஒரு கைல இருந்து மறு கைக்குக் கல்லு ஏறிக்கிட்டே இருக்கு. இருநூறு பேரு இருக்கும். நட்ட நடுவுல, சேலைய இழுத்துச் சொருகிட்டு, தலைல துண்டக் கெட்டிக்கிட்டு, எர்மலிந்தாவுக்கும் இன்னொருத்திக்கும் இடைல, கல்ல வாங்கிக் குடுத்துக்கிட்டு, யாரு?

இவதான்! பாடிக்கிட்டு இருக்கா டீச்சர்! பேசாதவ பாடுதா! காலைல நான் குழாய்ல போட்ட அதே கீர்த்தன. அவ ஒரு அடி பாட, அந்த வரிசையே மறு அடி பாடுது. தமிழ்ல! அர்த்தம் தெரியாது ஒருத்திக்கும், ஆனா ராகம் பிசகல. என் ஹாலுக்கு ஒம்பது மாசமா எட்டிப்பாக்காத சனம்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. பைபிளத் தூக்கிப் புடிச்சேன். சீனாய் மலைல கர்த்தர் பேசுன குரல எடுத்தேன். வி.பி.எஸ்.ல அந்தக் குரலுக்குப் பிள்ளைள் பெஞ்சுக்கு அடில போயிரும். "ஓய்வு நாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக!" மலை எதிரொலிச்சுது. பாட்டு நின்னுட்டு. கல்லு நின்னுட்டு. அப்பறம் என்ன ஆச்சு தெரியுமா? கைதட்டுதாவ. விசிலடிக்காவ. ஒருத்தி கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்கா. வேடிக்க காட்ட வந்திருக்கேன்னு நெனச்சுட்டாவ! எனக்குப் பக்கத்துல நின்னவன், இந்தாரும் சகோதரரேன்னு என் கைல ஒரு கல்லக் குடுத்துட்டான்.

நான் ஒரு கைல வேதம் வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம. எப்புடிச் செமப்பேன்? கீழ வச்சேன். வைக்கத்தான் செஞ்சேன்! அது உருண்டுட்டு. மல சரிவா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு? கீழ நின்ன மூணு பொம்பளைக துள்ளி ஒதுங்குனாவ, கல்லு போயி ஒரு வீட்டு வாசல்ல நின்ன தண்ணி ட்ரம்ம அடிச்சுச் சாச்சுட்டு. பூராத் தண்ணியும் மண்ணுல ஓடுது. ஒரு வாரத்துத் தண்ணி. வாளில தூக்குன தண்ணி. அந்த வீட்டுக்காரி அதப் பாத்துக்கிட்டே நிக்கா.

யாரும் என்னையத் திட்டல. திட்டிருக்கலாம். கிருபா வரிசைய விட்டு எறங்குனா, ட்ரம்ம நிமித்தி வச்சா, அந்தக் கல்லத் தூக்கிட்டு ஏறி வந்தா, வரிசைல குடுத்தா. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. சாயங்காலம் எங்க ட்ரம்ம ஒழிச்சு அந்த வீட்டுக்குக் கொண்டு ஊத்திட்டு வந்தா. அந்த வாரம் பூரா நான் குளிக்கல டீச்சர், அதையும் சொல்லிருதேன்.

அதுக்குள்ள அந்த எர்மலிந்தா ஐயாகிட்ட வந்து நோட்டத் தொறந்து காட்டுது. எவாரிஸ்தோ சிரிப்ப அடக்கிக்கிட்டு இங்கிலீசுல மொழிபெயர்க்காரு. "இந்த வீட்டுல இருந்து மட்டும் ஒரு வாரம்கூட ஆளு வராம இருந்தது இல்ல. இவிய வாரதுக்கு முந்தி சனம் எட்டு மணி வரைக்கும் தூங்கும், கதவு கதவாத் தட்டணும். இந்தச் சகோதரர் பாட்டுப் போட ஆரம்பிச்சதுல இருந்து எல்லாரும் விடியக்குள்ள வேலைக்கு வந்திருதாவ. பாதிப் படி அவரு பாட்டுலதான் ஏறுச்சு."

கேட்டியளா? நான் ஆராதனைக்குக் கூப்புடுதேன், அவிய வேலைக்குச் சங்கு ஊதுதேன்னு நெனச்சிருக்காவ! ஒம்பது மாசம் ஓய்வு நாளக் கெடுத்ததே என் குழாய்தான்! சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஏன் இவ சொல்லல? கேட்டேன். "ரெண்டு தடவ சொன்னேன், நீங்க மைக் டெஸ்ட் பண்ணிட்டு இருந்திய"ங்கா.

ஐயா என்ன செஞ்சாவ? ஸ்வெட்டரக் கழட்டுனாவ. மப்ளரத் தலப்பாவாக் கெட்டுனாவ. வேட்டிய மடிச்சுக் கெட்டுனாவ. இவளுக்கு அடுத்து போயி நின்னுக்கிட்டு, "ஆசீரு... அந்தக் குரல்... நன்றாயிருந்தது. கையும்... நன்றாயிருக்கிறதா... பார்ப்போம்"ன்னாவ. நான் "ஐயா, ஞாயித்துக்கெழம"ன்னேன். "ஆம்... ஞாயிற்றுக்கிழமைதான்"ன்னுட்டு கல்ல வாங்கிட்டாவ. நான் பைபிளோட நின்னேன். யாராவது ஒருத்தர் வேதத்தப் புடிச்சிட்டு நிக்கணும்லா?

பன்னெண்டு மணிக்கு வேல நின்னுது. எல்லாரும் அன்னைக்கு முடிச்ச படிலயே உக்காந்தாவ. பெரிய பானைல சூப்பு வந்துது. அதுக்கு முந்தி எர்மலிந்தா மடில இருந்து அவிய மொழி வேதத்த எடுத்து ஒரு அதிகாரம் வாசிச்சுது. வாரா வாரம் வாசிப்பாவளாம். பெறவு கால் வலி, புருசனுக்கு வேல இல்ல, பிள்ளைக்கு இருமல், ஒவ்வொருத்தியாச் சொல்ல, இவ கண்ண மூடித் தமிழ்ல ஜெபம் பண்ணுதா. எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி ஆமென் சொல்லுதாவ. படில வச்சு ஜெபம்! ஹாலு இருக்கு, முப்பது சேரு இருக்கு, தொடச்சு வச்சிருக்கேன், படில வச்சு! ஐயா அங்கனயே உக்காந்து பதினாலு பேரு பேர எழுதுனாவ, ஞானஸ்நானத்துக்கு. ஹாலுக்கு வெளிய. என்னையக் கேக்கவே இல்ல.

அத்தோட எங்களுக்குக் காலம் முடிஞ்சுது, ஊருக்கு வந்துட்டோம். சரி, போனது போவட்டும், அடுத்த தடவ பாத்துக்கிடலாம்ன்னு நானும் மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். முந்தாநாளு இந்த லெட்டர் வந்துது. சங்கத்துல இருந்து. நான் மூணு தடவ எழுத்துக் கூட்டிப் பாத்துட்டேன், நாந்தான் தப்பா வாசிக்கனோ என்னமோ. டீச்சர், இந்தாங்க, கையத் தொடச்சுக்கிட்டு வாசிங்க. சத்தமா.

"அன்புள்ள சகோதரி கிருபாவதி அவர்களுக்கு" — பாத்தியளா, எடுத்த ஒடனே! — "ஆல்தோ பெலென் சபையார் தங்களை மீண்டும் அனுப்பும்படி வேண்டிக் கேட்டுள்ளனர். வரும் ஜூன் மாதம் புறப்பட ஆயத்தமாகவும். ஒலிபெருக்கியைத் தவறாமல் எடுத்துச் செல்லவும். சகோதரர் ஆசீர் வருவதைக் குறித்துத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்."

நிறுத்துங்க டீச்சர், போதும். குழாயத் தவறாம எடுத்துட்டுப் போவணுமாம். குழாய்க்காரன எடுத்துட்டுப் போறது அவ இஷ்டமாம்! நியாயமா இது? அந்தக் குழாய்க்கு வயரு மாட்டத் தெரியுமா இவளுக்கு? நான் இல்லாம அங்க யாரு பிரசங்கம் பண்ணுவா? ரெண்டு நாளாக் கேக்குதேன், கிருபா, என்னைய என்ன செய்யப்போறன்னு. ராத்திரி திரும்பிப் படுத்துக்கிடுதா. எனக்கு அந்த மலைக்குப் போவணும் டீச்சர். வெளையாட்டுக்குச் சொல்லல. அந்தக் கடப்பாரையத் தூக்கிட்டுக் கையக் காட்டிட்டுப் போற சனத்த எனக்குப் பாக்கணும். இங்க யாரு எனக்குக் கையக் காட்டுதா?

கிருபா. ஏளா, கிருபா. இத்தன பேரு முன்னால கேக்குதேன். கூட்டிட்டுப் போவியா, மாட்டியா? ஒரு வார்த்த சொல்லு. ஏ, எல்லாரும் சும்மா இருங்க, அவ வாயத் தொறக்கா. என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லு.

"பேசி முடிச்சிட்டியன்னா வாங்க. கல்லு வரிசைல ஒரு ஆளு கொறையுது."